ஒரே வாய்ப்பாடு, இரண்டு கற்கள்

எம்.எஸ்சி. முதலாமாண்டில் கனிமவியல் ஆய்வகத்தில் என் முன்னால் இரண்டு மாதிரிகளை வைத்தார்கள். ஒன்று கருநீலக் கட்டி, கல் என்றால் கல்தான். இன்னொன்று ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பைக்குள் நீலச் சாம்பல் நிற நார்க்கற்றை. பட்டு நூலைச் சிட்டமாகச் சுற்றி வைத்தது போல இருந்தது. முதலாவது ரீபெக்கைட். இரண்டாவது குரோசிடோலைட், அதாவது நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). புத்தகத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதினேன்: சோடியம் 2, இரும்பு 5, சிலிக்கன் 8, ஆக்சிஜன் 22, ஹைட்ராக்சில் 2. இரண்டுக்கும் அதே வாய்ப்பாடு வந்தது. வரி மாறிப் பார்த்துவிட்டேன் போல என்று அடிக்கப் போனேன். “அடிக்காதே, சரியாத்தான் எழுதியிருக்கே” என்றார் பேராசிரியர்.

இரண்டும் ஆம்பிபோல் என்ற கனிமக் குடும்பம். ஆம்பிபோல் என்றாலே இரட்டைச் சங்கிலி. சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் கொண்ட நான்முகிகள் கைகோத்து நீளும். அப்படி இரண்டு வரிசை பக்கவாட்டில் சேர்ந்தால் ஆறாறு நான்முகிகளாலான வளையங்கள் ஏணி மாதிரி ஓடும். ஏறக்குறைய 5.3 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) ஒருமுறை அதே வடிவம் திரும்ப வரும். இரண்டு ஏணிகள் எதிரெதிரே படுத்து, நடுவில் இரும்பையோ மக்னீசியத்தையோ இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீளவாக்கில் பிணைப்பு பலம். ஒரு கட்டுக்கும் பக்கத்துக் கட்டுக்கும் இடையில் அவ்வளவு இல்லை. அதனால்தான் ஹார்ன்பிளெண்ட் என்ற ஆம்பிபோலைக் குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பிளவுக்கோடுகள் 56, 124 டிகிரியில் வெட்டிக்கொள்கின்றன. ஒற்றைச் சங்கிலிக் கனிமமான பைராக்சீனில் அது கிட்டத்தட்ட செங்கோணம். பரீட்சையில் என்னைக் காப்பாற்றியதே இந்த வித்தியாசம்தான்.

நீலம் எங்கிருந்து வருகிறது? அந்த 5 இரும்பில் மூன்று ஒரு மின்னேற்ற நிலையிலும் இரண்டு வேறொன்றிலும் இருக்கின்றன. ஒளி பட்டால் எலெக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்.

சரி, கட்டி எப்படி நாராகிறது? ரீபெக்கைட்டை இடித்தால் குரோசிடோலைட் கிடைக்காது, ஊசித் துணுக்குகள்தான் கிடைக்கும். நார் என்பது வளரும்போதே நாராக வளர்ந்தது. இதை நான் நம்பியது, தனிப் படிகமாகவும் நாராகவும் கிடைக்கும் இன்னொரு ஆம்பிபோலான டிரெமோலைட்டைப் பார்த்த பிறகு. மைக்ரோஸ்கோப்பில் குறுக்குப் போலராய்டுகளுக்கு (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த ஒளி வடிகட்டிகள்) நடுவே மேடையைச் சுழற்றினால், தனிப் படிகம் நீளத்துக்குச் சற்றுச் சாய்ந்த கோணத்தில் இருண்டுபோகும். நார்க்கற்றையோ நேராக நிற்கும்போதே இருண்டது. உள்ளே இருக்கும் நுண்ணிழைகள் நீள அச்சில் மட்டும் ஒத்துப்போய், மற்றபடி ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருப்பதால், சாய்வெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடுகிறது. ஒரு மத்தியானம் முழுக்கச் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.

நம் ஊர்க் கூரைச் சீட்டில் பெரும்பாலும் இருப்பது ஆம்பிபோல் நார் அல்ல, கிரைசோடைல் என்ற வேறு கல்நார். அது பாய் மாதிரி சுருண்ட தாள், செர்ப்பன்டைன் குடும்பம். அமிலத்தில் அதன் மக்னீசியம் கரைந்து போகும். ஆம்பிபோல் அசையாது, குரோசிடோலைட்டை அமிலத் தொழிற்சாலைகள் விரும்பியதும் அதற்காகத்தான். நுரையீரலுக்குள் போனாலும் அது அதே பிடிவாதத்தோடு கிடக்கும்.

பைக்குள் இருந்த அந்த நீல நார்க்கற்றை தென்னாப்பிரிக்காவின் வடக்குக் கேப் பகுதியிலிருந்து வந்தது. அங்கே இரும்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே இது மெல்லிய பட்டைகளாகக் கிடக்கிறது. 1960-இல் நோயியல் மருத்துவர் வாக்னரும் இரு சகாக்களும் மீசோதீலியோமா (நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) வந்த 33 பேரைப் பற்றி எழுதிய கட்டுரை அந்த வட்டாரத்தைப் பற்றியதுதான். நோயாளிகள் எல்லாரும் சுரங்கத் தொழிலாளிகள் அல்ல. பக்கத்தில் குடியிருந்தவர்களும் உண்டு. நகைக்கடையில் விற்கும் புலிக்கண் மணியும் அதே பாறையிலிருந்து வருவதுதான், சிலிக்கா ஏறி இறுகியது.

பையை ஏன் ஒட்டியிருக்கிறார்கள் என்று லேப் அட்டெண்டரிடம் கேட்டேன். முந்தைய பேட்ச் பையன்கள் நகத்தால் உரித்து நூல் நூலாக ஊதிப் பறக்கவிட்டுப் பார்த்தார்களாம்.