ரயிலடிக்குப் போகும் இட்டேரிக்குத் தளம் வாங்கிய அனுபவம்

இருகூருக்கும் வஞ்சிப்பாளையத்துக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டியது எங்கள் ஊர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு விடிகாலை ரயில் பிடிக்கிறவர்களும், பஸ் ஸ்டாப் வரை சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகளும் நம்பியிருப்பது ஒரு இட்டேரியைத்தான், அதாவது இரண்டு பக்கமும் வேலி போட்ட தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதையை. அதை விட்டால், ஓரமே இல்லாத மெயின் ரோட்டில் லாரிகளோடு சேர்ந்து போக வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் அந்த பஸ் நிற்கும் இடம் வரை பயமில்லாமல் நடக்க வழி வேண்டாமா? இட்டேரிக்குத் தளம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் அலைந்தோம். தளம் போட்டாகிவிட்டது, எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

இடம் யாருடையது என்பதை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் புல வரைபடமும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடும் கிடைக்கும். எங்கள் இட்டேரி வண்டிப்பாதை புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. கிளுவை வேலி இரண்டு பக்கமும் உள்ளே வந்து, எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கி நிற்கும் அளவுக்குக் குறுகிவிட்டிருந்தது. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டதும் தோட்டக்காரர்களே வேலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். அந்தக் கட்டம் சுலபம்.

சிக்கல் கிராம சபைத் தீர்மானத்தில் தொடங்கியது. எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போயிருந்தது. கிராம சபையில் சர்வே எண், நீளம், அகலம் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். பதிவேட்டில் ஏறியதோ "பாதை சீரமைத்தல்" என்ற இரண்டே வார்த்தை. ஒன்றிய அலுவலகத்தில், "எந்தப் பாதைங்க?" என்று கேட்டுக் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். திருத்த வழி இல்லையாம், அடுத்த கிராம சபைக்குத்தான் வரணுமாம். கூட்டம் முடிந்த கையோடு தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள்.

பணத்துக்கு முதலில் தொகுதி மேம்பாட்டு நிதியைத்தான் நினைத்தோம். எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நிழற்குடையும் உயர்கோபுர விளக்கும் கேட்டால் முகம் மலர்கிறது, நடக்கிற பாதை என்றால் "பார்க்கலாமுங்க". கடைசியில், மக்களும் பங்கு போட்டு அரசு வேலையைச் செய்துகொள்ளும் நமக்கு நாமே திட்டத்துக்குப் போனோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். தறிக்காரர்கள், ஒரு மில், ரயிலில் போகிற பிள்ளைகள் என்று எல்லோரும் கொடுத்தார்கள். சம்பளத்தன்று நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்த தையல் தொழிலாளிப் பெண்களை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பணத்துக்கு வங்கியில் எடுத்த டி.டி.யை (வரைவோலையை) ஒன்றிய அலுவலக எழுத்தர் வாங்கிக் கோப்பில் குத்தி வைத்தார். மதிப்பீடு பொறியாளரிடம், பொறியாளர் முகாமில் என்று நாள் போனது. டி.டி.க்கு ஆயுள் மூன்று மாதம்தான். காலாவதியான பிறகு கூப்பிட்டு, "புதுசா எடுத்துட்டு வாங்க" என்றார்கள். எடுத்தவரே வங்கிக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும், எங்களில் அவர் அப்போது வெளியூரில். மதிப்பீட்டுக்குப் பொறியாளர் தரும் தொழில்நுட்ப அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காமல் டி.டி. எடுக்காதீர்கள். யார் பெயரில் எடுப்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் இட்டேரி மெயின் ரோட்டைத் தொடும் இடம். அங்கிருந்து பஸ் ஸ்டாப் வரை நெடுஞ்சாலைத் துறையின் எல்லை. அவர்களுடைய தடையின்மைச் சான்று இல்லாமல் தளத்தை ரோட்டோடு சேர்க்கக்கூட முடியாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. ரோட்டோரம் நடைபாதைக்கு இடமில்லை என்றார் அந்தத் துறையின் பொறியாளர். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டு நெறி குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் கேட்கிறது. சாக்கடையைப் பலகைக்கல் போட்டு மூடினால் அந்த அகலம் வந்துவிடும் என்று டேப் பிடித்துக் காட்டினோம். அதற்கும் அசையவில்லை.

அசைத்தது தகவல் உரிமைச் சட்டம்தான். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இட்டேரி மெயின் ரோட்டைத் தொடும் அந்த வளைவில் பதிவான விபத்துகளைக் காவல் துறையிடம் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம், தந்தார்கள். ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அந்தப் பட்டியலை இணைத்து மனு போட்டோம், திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒப்புகைச் சீட்டோடு. கூட்டாய்வுக்கு வந்தார்கள். சாக்கடைக்கு மூடியும், கடக்கும் இடத்தில் வேகத்தடையும் அப்படித்தான் கிடைத்தன.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே ஒருவர் இருங்கள். எங்கள் ஒப்பந்தக்காரர் தளம் முடியும் இடத்தில் முக்கால் அடி படி விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். சைக்கிளும் ஏறாது, சக்கர நாற்காலியும் ஏறாது. பில் பாஸ் ஆகும் முன்பே சொன்னதால் சரிவாக மாற்றிக் கொடுத்தார்.

விளக்கு இன்னும் வரவில்லை. தளத்தின் மதிப்பீட்டோடு சேர்க்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். விடிகாலை ரயிலுக்குப் போகிற பெண்கள் செல்போன் வெளிச்சத்தில்தான் நடக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் அதற்கும் தீர்மானம் வைக்கிறோம். சர்வே எண்ணும் கம்பங்களின் எண்ணிக்கையும் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்போம்.