பதினெட்டு வயதில் நிற்கும் கிராண்ட்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ பிறவி ஊனமுள்ள பிள்ளையை வளர்க்கிற அம்மா அப்பாவுக்கு இது பதினேழு வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஊனமுள்ள பிள்ளையைப் பராமரிக்க அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகையான கேர் டிபென்டன்சி கிராண்ட், பிள்ளைக்கு 18 வயது நிறையும் மாதத்தோடு நின்றுவிடும். அது தானாக, ஊனமுள்ள பெரியவர்களுக்கான டிசபிலிட்டி கிராண்டாக மாறாது. கிராண்ட் வழங்கும் அரசு நிறுவனமான சாசாவின் அலுவலகத்தில் புதிதாக மனுப் போட வேண்டும்.

தொகை இரண்டுக்கும் ஒன்றுதான்: 2024 ஏப்ரலில் 2,180 ரேண்ட். ஆனால் சின்ன வயதில் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். 18க்குப் பிறகு பிள்ளையின் வருமானமும் சொத்தும்தான் கணக்கு. கல்யாணமாகியிருந்தால் துணையினுடையதும் சேரும். அப்பா சம்பளம் அதிகம் என்று அன்றைக்கு மறுக்கப்பட்டவர்கள் இப்போது தயங்காமல் மனுப் போடுங்கள். ஆனால் பாட்டி பேரப்பிள்ளை பெயரில் போட்ட சேமிப்பும் கணக்கில் வரும், கவனம்.

சிக்கல் பெரும்பாலும் டாக்டர் பரிசோதனையில்தான். முன்பு கேட்டது, "இந்தப் பிள்ளைக்கு முழுநேரப் பராமரிப்பு வேண்டுமா?" இப்போது கேட்பது, "வேலை செய்து பிழைக்க முடியுமா?" நோயின் பெயரை மட்டும் சொன்னால் இதற்குப் பதில் வராது. தானாகக் குளிக்க முடியுமா, காசு எண்ணத் தெரியுமா, தனியாக டாக்சி ஏறுவாரா, வலிப்பு மாதத்துக்கு எத்தனை முறை வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிறப்புப் பள்ளியின் கடிதமும் கிளினிக் அட்டைகளும் கூட இருக்கட்டும். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது; அதனால் மற்ற காகிதங்களை முதலில் சேர்த்துவிட்டு அதைக் கடைசியில் வாங்குங்கள். ஊனம் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என்று டாக்டர் எழுதினால் நிரந்தர கிராண்ட். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை என்றால் தற்காலிகம்தான். பிறவி ஊனத்துக்குத் தற்காலிகம் என்று எழுதியிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

அடையாள அட்டை பிள்ளைக்கு 16 வயதானதுமே எடுத்து வைத்திருக்க வேண்டியது. மனுக் கொடுத்ததும் தேதியிட்ட ரசீது இல்லாமல் வீடு திரும்பாதீர்கள்; அனுமதி எப்போது வந்தாலும் அந்தத் தேதியிலிருந்துதான் பணம் கணக்காகும்.

எப்போதும் ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டிய நிலையா? டிசபிலிட்டி கிராண்டோடு கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் தொகையும் கேளுங்கள். 2024இல் அது 530 ரேண்ட். அதற்குத் தனி மனு, கேட்காமல் தரமாட்டார்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். கோபத்தில் உடனே புது மனுப் போட்டால் பழைய தேதி போய்விடும், அத்தனை மாதப் பணமும் அதோடு போகும்.