அப்பாவின் வயிறு

ஜூன் 3, தண்டையார்பேட்டை

நடுராத்திரி அப்பா எழுந்து பிஸ்கட் தின்கிறார். ஏதாவது உள்ளே போனால்தான் எரிச்சல் அடங்குகிறதாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்துக் கதை இது. பீச் ஸ்டேஷன் பக்கம் தின்ற பர்மா நூடுல்ஸான அத்தோ மேல் பழி. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுக்கும் மாத்திரையில் வருஷங்கள் ஓடிவிட்டன.

ஜூன் 4

வயிற்றில் கிருமி இருக்கலாம், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்யச் சொன்னார் டாக்டர். இரண்டு வாரத்துக்கு அந்த மாத்திரை கூடாது. அது அமிலத்தைத்தான் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. டெஸ்டில் சிக்காதபடி பதுங்க வைத்துவிடும்.

ஜூன் 19

இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்து கிடக்கிறது. கிள்ளியெடுத்த துணுக்கை மஞ்சள் ஜெல்லில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ரோஸ் படர்ந்தது. "இருக்குது சார்" என்றார் சிஸ்டர்.

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு பிழைக்கிறது. ஜெல் நிறம் மாறியதும் அதே அம்மோனியாவால்தான்.

வயிற்றுப் புண்ணுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் சொன்னபோது யாரும் லேசில் நம்பவில்லை. அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்றார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லையாம். எங்கள் வீட்டில் நடந்திருந்தால் நோபல் வரை போயிருக்க மாட்டார். 2005-இல் இருவருக்கும் கிடைத்தது.

ஜூன் 24

பிஸ்மத் மாத்திரை, டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. 14 நாள், ஒருவேளைகூட விடக்கூடாது. அரைகுறையாக நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாது. டெட்ராசைக்ளின் போடும் நேரத்தில் பால் ஆகாது, டீ தள்ளிப்போனது. மெட்ரோனிடசோல் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டரும் கட். வாயெல்லாம் இரும்பு ருசி என்று திட்டுகிறார்.

காலையில் கக்கூஸிலிருந்து அலறல்: "இன்னாடா, கன்னங்கரேல்னு போவுது!" பிஸ்மத்தின் வேலை. ரத்தம் இல்லை என்று டாக்டரே போனில் சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது.

ஜூன் 29

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே, வாய் வழியாகத் தொற்றுமாம். காசிமேட்டில் ஒரே குடம், ஒரே டம்ளரில் வளர்ந்தவர். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் கிருமி உள்ள பலருக்கு ஒரு தொந்தரவும் வராது. அந்த முதல் பாதியை அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6

மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து மலப் பரிசோதனை. கிருமி இல்லை. அப்பாவின் பழைய மாத்திரை அட்டையை அம்மா அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். "எனக்கும்தான் எரியுது" என்கிறாள். நாளைக்கு அவளுக்கு டோக்கன் போட வேண்டும்.