லீவரில் ஒட்டாத காந்தம்
பழைய சாமான்களோடு சேர்ந்து வந்தது, காற்றழுத்தத்தால் சிறு எஃகுக் குண்டுகளைச் சுடும் அந்த பிபி துப்பாக்கி. துருவைக் கண்டதும் என் கை உப்புத்தாளைத் தேடியது. நல்லவேளையாக அது கிடைக்கவில்லை. தேய்த்திருந்தால் துருவோடு எழுத்துகளும் போயிருக்கும்.

முதல் வேலையாக, குழல் முனையில் இருந்த குண்டுக் குழாயைத் திருகி வெளியே எடுத்தேன். ‘காலி’ என்று நம்பியிருந்த துப்பாக்கியிலிருந்து இரண்டு குண்டுகள் உருண்டு விழுந்தன!

எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தபோது டெய்சி என்ற பெயரும் ‘பிளிமத், மிச்சிகன்’ என்ற ஊரும் தெரிந்தன. டெய்சி நிறுவனம் 1958இல் ஆர்கன்சா மாநிலத்தின் ராஜர்ஸுக்கு இடம்பெயர்ந்தது. அப்படியானால் இது அதற்கு முந்தியது. பிடிக்கட்டையில், காமிக்ஸ் கௌபாய் ஒருவனின் பெயரில் டெய்சி விற்ற ‘ரெட் ரைடர்’ மாடலின் முத்திரை மங்கலாக இருந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முந்திய ரெட் ரைடர்களில், சுடுவதற்குமுன் ஸ்பிரிங்கை இறுக்க இழுக்கும் லீவர் வார்ப்பிரும்பு. அலுமினியம் பிறகு வந்தது. லீவரில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. 1940ஆம் ஆண்டுத் துப்பாக்கி என்ற என் கனவு அத்தோடு முடிந்தது.

லீவரை இழுத்துச் சுட்டால் ஸ்பிரிங் அடிக்கும் சத்தம் மட்டும்தான், காற்றே இல்லை. எண்ணெய்த் துளையில் சில சொட்டு மோட்டார் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். பல துப்பாக்கிகள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். என்னுடையது பிழைக்கவில்லை. பிரித்துப் பார்த்தால், பிஸ்டன் தலையில் இருந்த தோல் வாஷர் அப்பளம்போல் நொறுங்கியது. (பிரிக்கும்போது ஸ்பிரிங்கை இறுகப் பிடித்து, மெதுவாகத் தளர்த்த வேண்டும், இல்லையேல் முகத்தை நோக்கிப் பாயும்.)

புதிய தோலை வட்டமாக வெட்டி, நனைத்து, சிறு கிண்ணம்போல் அழுத்திக் காயவைத்து, எண்ணெயில் ஊறப்போட்டேன். எல்லாவற்றையும் பூட்டியபின் சுட்டால் அதே வெற்றுச் சத்தம்! கிண்ணத்தின் வாயைப் பின்பக்கமாக வைத்திருக்கிறேன். அது முன்னோக்கி இருந்தால்தான் அழுத்தப்படும் காற்று விளிம்பை விரித்துக் குழாய்ச் சுவரோடு ஒட்டவைக்கும். மறுபடியும் பிரித்தேன், ஒரு மாலை முழுதும் போயிற்று.

வெளித்தோற்றத்தில் கைவைக்கவில்லை. மிக நுண்ணிய எஃகு நாரில் எண்ணெய் தொட்டுத் துருவை மட்டும் எடுத்தேன். மிஞ்சியிருந்த நீலப்பூச்சும் கட்டையின் கீறல்களும் அப்படியே இருக்கின்றன. புதுச்சாயம் பூசிய பழம்பொருள் எனக்குப் பிடிக்காது.

கடைசியில், எஃகுக் குண்டு தெறித்துத் திரும்பும் என்பதால் அட்டைப்பெட்டிக்குள் பழந்துணியைத் திணித்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து சுட்டேன். முன்பக்கத்தில் ஓட்டை விழுந்தது. குண்டு இரண்டாம் மடிப்பில் கிடந்தது.