குதிரைக்குக் கட்டிய வீட்டில் மனுஷனுக்கு என்ன வேலை?

லண்டன் சதர்க்கில் இருக்கும் ஜார்ஜ் இன் என்ற பழைய விடுதிக்குள் முதல்முறை நுழைகிறவர் முதலில் "ஆஹா" என்பார், அடுத்து "ஆ!" என்பார். இரண்டாவது, நிலைப்படியின் உத்தரம் நெற்றியில் பட்டதால். 1676 தீயில் எரிந்து, 1677இல் திரும்ப எழுந்த கட்டடம். கோச் என்கிற பயணிகள் குதிரைவண்டி நின்று குதிரை மாற்றிப் போகும் விடுதிகளில், மாடித் தாழ்வாரத்தோடு லண்டனில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

அங்கே எது இடித்தாலும், எது சாய்ந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த மாதிரி விடுதிகளில் முதல் மரியாதை குதிரைக்குத்தான். தெருவிலிருந்து முற்றத்துக்குப் போகும் வளைவு வாசலையே பாருங்கள். வண்டி நுழைந்தால் போதும் என்று கட்டியது. கூரைமேல் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவர் குனிய வேண்டியது அவர் பொறுப்பு. வாசல் மூலையில் முட்டி உயரத்துக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள். உட்காரத்தான் என்று ஆளாளுக்கு உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். சக்கரத்தின் குடம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அது சுவரைப் பெயர்க்குமுன் சக்கரத்தின் அடி இந்தக் கல்லில் உரசி வண்டி உள்பக்கம் விலகும். அதற்குத்தான் அந்தக் கல்.

பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு தடவை குதிரை மாற்ற வேண்டும். 1784இல் தபால் கோச் வந்தபிறகு அந்த வேலைக்குச் சில நிமிஷம்தான். அதனால் முற்றம்தான் நடுநாயகம். லாயமும் வைக்கோல் பரணும் பின்னால். படுக்கையறைகள்? மிச்ச இடத்தில், மாடியில். உள்ளே நடைவழி வைத்தால் இடம் வீணாகும் என்று முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்திலேயே அறைக்கதவுகளை வைத்துவிட்டார்கள். நடுராத்திரி கோச் வந்து அதன் காவலாள் கொம்பு ஊதினால் மொத்த விடுதியும் எழுந்து உட்காரும்.

பியர் கிளாஸில் ஒரு பக்கம் மட்டம் ஏறித் தெரிந்தால் போதை என்று பயப்பட வேண்டாம். தரை சாய்வு. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. ஆகவே பச்சை மரத்திலேயே இழைத்து, பொருத்தி, மரமுளை அடித்துவிடுவார்கள். முளைத் துளையை வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போடுவார்கள். அடிக்க அடிக்க மூட்டு இறுகும். பிறகு வருஷக்கணக்கில் மரம் காயும், சுருங்கும், முறுக்கும். மூட்டு விடாது, தரைதான் நெளியும். இதைச் சீர் செய்கிறேன் என்று மரச்சட்டங்களுக்கு நடுவே சிமெண்ட் பூசும் புண்ணியவான்கள்தான் உண்மையான ஆபத்து. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்து ஓக்கை உளுக்க வைக்கும்.

கோச்சுக்கு வேலையில்லாமல் செய்தது ரயில். அதோடு விடவில்லை. 1889இல் கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி, கிடங்கு கட்டுவதற்காக விடுதியின் மூன்று பக்கங்களில் இரண்டை இடித்தது. 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பழங்கட்டடப் பாதுகாப்பு அமைப்பு காப்பாற்றிவருவது மிச்சமிருக்கும் தெற்குப் பக்கத்தைத்தான். கோச் திரும்பிய முற்றத்தில் இப்போது பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் எல்லோரும் கிளாஸோடு உள்ளே ஓடுகிறார்கள். ஓடுகிற அவசரத்தில் குனிய மறக்கிறார்கள்.