வயலட் பூ எப்படி இருக்கும், சேர்?

1991இல் நாங்கள் உயர்தர வகுப்பில் படித்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஆங்கிலம் கற்பித்த சேர், பள்ளிக்கூடம் விட்ட பிறகு எங்களில் எட்டுப் பேரைத் தம் வீட்டு விறாந்தையில் இருத்திப் பாடம் சொல்லித்தருவார். காசு வாங்கமாட்டார். இருட்டியதும் நடுவில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு வந்துவிடும். அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் செருகிய திரி. அந்த வெளிச்சத்தில்தான், முதல் உலகப் போருக்குப் போன இங்கிலாந்து இளைஞன் ரோலண்ட் லெய்ட்டனின் பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். கிரிக்கெட் போட்டிகளையும் பரிசளிப்பு விழாக்களையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அந்த விறாந்தைதான் நினைவுக்கு வருகிறது.

ரோலண்டின் கதையும் ஒரு பரிசளிப்பு விழாவில்தான் சூடு பிடிக்கிறது. 1914 ஜூலை 11, இங்கிலாந்தின் அப்பிங்ஹாம் பள்ளி. பத்தொன்பது வயது ரோலண்ட் அன்று பரிசுகளை அள்ளினான். அவனுடைய நண்பன் எட்வர்டின் அக்கா வேரா பிரிட்டன் சபையில் இருந்தாள். நாட்டுக்குப் பயன்படாதவன் சாவதே மேல் என்ற பொருள்பட அன்று தலைமை ஆசிரியர் பேசியதை வேரா பின்னாளில் தன் நினைவு நூலில் எழுதிவைத்தாள். ஒரு மாதம் ஆகுமுன் போர் வந்தது. ரோலண்டுக்கு ஒக்ஸ்போர்டில் இடம் காத்திருந்தது. கண்பார்வை குறைவு என்று இராணுவம் முதலில் தட்டிக்கழித்தது. அவன் விடவில்லை. 1915 மார்ச் முடிவில் வூஸ்டர்ஷயர் படைப்பிரிவின் இளம் அதிகாரியாகப் பிரான்சுக்குப் போய்விட்டான்.

ஏப்ரலில் பெல்ஜியத்தின் புளூக்ஸ்டீர்ட் காட்டிலிருந்து வேராவுக்கு வயலட் பூக்களைக் கடிதத்தில் வைத்து அனுப்பினான். அந்தப் பூக்களைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினான். அவை இறந்துகிடந்த ஒரு சிப்பாயின் தலையைச் சுற்றி முளைத்திருந்தவை. அவன் இரத்தம் சிவப்பாக இருக்க இவை நீலமாக இருப்பதென்ன என்று கவிதை வியக்கிறது. அந்தக் கோரத்தை நீ பார்க்காததே நல்லது என்று காதலியிடம் சொல்கிறது.

"வயலட் பூ எப்படி இருக்கும், சேர்?" என்று கேட்டது நான்தான்.

சேரும் அதைப் பார்த்ததில்லை. மறுநாள் மாலை சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் காக்கணம்பூவை எடுத்து என் கொப்பியில் வைத்தார். "நிறம் இப்படித்தான் இருக்கவேண்டும், தம்பி" என்றார். ஆனால் ரோலண்டின் கடிதங்களில் வரும் பதுங்குகுழி என்றால் என்னவென்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் எட்டு வீடுகளின் வளவுகளிலும் ஒவ்வொன்று வெட்டியிருந்தோம்.

சேரிடம் வேராவின் அந்தப் புத்தகம் இல்லை. எப்போதோ வாசித்ததிலிருந்து பகுதிகளைச் சிவப்பு மையில் ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தார். ஒரு மாலை அதிலிருந்து 1915 செப்டெம்பர் 11ஆம் தேதிக் கடிதத்தை வாசித்தார். போரைப் பொன்போல ஒளிரும் ஒன்றாக நினைப்பவன், வீரம், மானம், நாட்டுப்பற்று என்று முழங்குபவன், நனைந்து நரைத்த இந்தக் கந்தல் குவியலை வந்து பார்க்கட்டும் என்று ரோலண்ட் அதில் எழுதுகிறான். கந்தலுக்கு அடியில் பாதி மண்டையோடு, ஒரு கால் எலும்பு. ஏப்ரலில் அவள் பார்க்காததே நல்லது என்றவன், செப்டெம்பரில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். காதல் கடிதத்தில் இதை எழுதலாமா என்று அன்று எனக்குத் தோன்றியது. அவள் மேல் அவன் வைத்த மதிப்பு அதைவிட வேறு எந்தக் கடிதத்திலும் தெரியவில்லை என்று இன்று நினைக்கிறேன்.

அப்போது எட்டுப் பேரில் நாங்கள் ஐந்து பேர்தான் மிஞ்சியிருந்தோம். மற்ற மூவர் எங்கே போனார்கள் என்று எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சேர் வாசித்து முடித்துக் கொப்பியை மூடினார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. விளக்கின் திரியைச் சற்று இழுத்துவிட்டு, எங்களை நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார். அந்தக் காலத்தில் அந்தக் கடிதத்தை வாசிக்க எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது.

நவம்பரில் ரோலண்டின் கடிதங்கள் வறண்டுபோயின. தான் ஒரு காட்டுமிராண்டியாகிவிட்டதாக எழுதினான். இலண்டனில் காயமுற்ற படையினருக்குத் தாதியாக உழைத்துக்கொண்டிருந்த வேரா புண்பட்டுச் சுடச்சுடப் பதில் எழுதினாள். அவன் மன்னிப்புக் கேட்டான். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வருவதாகச் செய்தி வந்தது. பிரைட்டன் நகரில் ஒரு ஹோட்டலில் காத்திருந்தாள். பண்டிகை கழிந்த மறுநாள் காலை தொலைபேசி அழைத்தது. அவன்தான் என்று ஓடினாள். பேசியது அவனுடைய தங்கை. நிலா வெளிச்சத்தில் முள்கம்பி வேலியைப் பார்க்கப் போனவன் வயிற்றில் குண்டு பட்டு, டிசம்பர் 23ஆம் தேதி இரவு லூவென்கூரில் இறந்துவிட்டான். வயது இருபது. எட்வர்டும் 1918 ஜூனில் இத்தாலியில் இறந்தான்.

வேராவின் கடிதங்களும் பத்திரங்களும் இன்று கனடாவில் நம் பக்கத்தில், ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இது தெரிந்தபோது நான் ரொறன்ரோவுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மே மாதம் போனேன். சேர் சிவப்பு மையில் எழுதியிருந்த வரிகளை ரோலண்டின் கையெழுத்தில் பார்த்தேன். சேர் இருந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

வீடு திரும்பி, காரை நிறுத்திவிட்டு இறங்கியபோதுதான் முற்றத்துப் புல்லைக் கவனித்தேன். வசந்தம் பிறந்தால் தானாக முளைக்கும் களை, ஒவ்வோர் ஆண்டும் வெட்டித் தள்ளுகிறவன் நான். அதன் பெயர் வயலட் என்று அயலவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து ஒன்றைப் பறித்தேன். நிறம் சேர் சொன்னதுபோலத்தான் இருந்தது. காக்கணம்பூவைவிட மிகச் சிறியது.