பிப்ரவரியில் போன பெட்டி, நவம்பரில் வந்த புத்தகம்

என்னிடம் இருந்த 'இன்கிரெடிபிள் ஹல்க்' என்ற மார்வெல் காமிக்ஸின் 181-ஆம் இதழை 2021 பிப்ரவரியில் கிரேடிங்குக்கு அனுப்பினேன், அதாவது புத்தகத்தின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் ஒரு கம்பெனிக்கு. 1974 நவம்பர் இதழ், அன்றைய விலை 25 சென்ட். வுல்வரின் என்ற சூப்பர் ஹீரோ முழுசாக வரும் முதல் இதழ் இதுதான், முந்தைய இதழின் கடைசிப் படத்தில் சும்மா தலைகாட்டுவதோடு சரி. அந்தக் காலத்து மார்வெல் இதழ்களில் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு ஸ்டாம்ப் அச்சிட்டிருப்பார்கள், பிள்ளைகள் அதை வெட்டி ஒட்டிச் சேர்ப்பார்கள். அதனால் பழைய பிரதி எது கையில் வந்தாலும் முதலில் பார்ப்பது ஸ்டாம்ப் இருக்கிறதா என்றுதான். என் பிரதியில் இருந்தது. பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

ரெஜிஸ்டர்டு தபாலில் அனுப்பினேன், ஐம்பதாயிரம் டாலர் வரை இன்ஷூரன்ஸ் கிடைக்கும். பிளாஸ்டிக் டேப் கூடாது, பழுப்புக் காகித டேப்தான் ஒட்ட வேண்டும். நியூ ஜெர்ஸியில் எங்கள் தபால் நிலையத்து அம்மா ஒவ்வொரு ஒட்டின் மேலும் வட்ட முத்திரையை நிதானமாகக் குத்திக்கொண்டே போனார். ஆறு நாளில் பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது, கையெழுத்தும் வந்துவிட்டது.

அப்புறம் பத்து வாரம் ஒரு தகவலும் இல்லை.

கம்பெனி சொல்லும் நாள் கணக்கு பெட்டி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, அதை ஒருவர் பிரித்துக் கணினியில் பதிந்த நாளிலிருந்துதான் ஓடும், அதுவும் வேலை நாட்கள் மட்டும். இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பெட்டி பிரிக்கப்படாமலே ஏதோ ஒரு அடுக்கில் கிடந்திருக்கிறது. ஐம்பது நிமிடம் காத்திருந்து போனில் பேசினேன். எடுத்த பெண் வேலைக்குச் சேர்ந்தே மூன்று வாரம்தான் ஆகிறதாம். பெட்டி பிரிக்க ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறோம் சார், கிரேடர் கிடைப்பதுதான் கஷ்டம் என்று பொறுமையாகச் சொன்னார். அவரிடம் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

கிரேடரை அவசரத்துக்குத் தயார் செய்ய முடியாது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எண்ண வேண்டும், புத்தகத்தின் முதுகில் நிறம் உதிர்ந்த இடத்தில் யாராவது மை தொட்டிருக்கிறார்களா, ஓரத்தைச் சீவியிருக்கிறார்களா, கிழிசலைப் பசை வைத்து மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்றைத் தவறவிட்டால் வாங்குகிறவருக்குப் பெரிய நஷ்டம். அந்த வேலையைச் செய்கிறவரை யாரும் விரட்டக் கூடாது, என் புத்தகத்துக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரடங்கில் வீட்டிலிருந்த எல்லோரும் பழைய பெட்டிகளைக் கிளறி அனுப்பிய நேரம் அது. விளையாட்டு அட்டைகளைக் கிரேடு செய்யும் பிஎஸ்ஏ என்ற கம்பெனி அந்த மார்ச் கடைசியில் பெரும்பாலான சேவைகளுக்குப் புதிதாக வாங்குவதையே நிறுத்தி வைத்தது. நான் அனுப்பிய கம்பெனி நிறுத்தவில்லை. பழைய நாள் கணக்கையே இணையதளத்தில் போட்டுக்கொண்டு பணத்தை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். என் வருத்தம் இது ஒன்றுதான். ஒன்பது மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தால் அடுத்த வருஷம் அனுப்பியிருப்பேன்.

ஏப்ரல் கடைசியில் பதிவானது. பிரஸ்ஸிங், அதாவது லேசான ஈரமும் சூடும் கொடுத்து மடிப்புகளை நிமிர்த்தும் வேலை, முடிய ஆகஸ்ட் ஆனது. பிறகு மறுபடி வரிசை. நவம்பரில் ஒரு திங்கட்கிழமை இணையதளத்தில் என் புத்தகத்தின் நிலை 'கிரேடிங்கில்' என்று மாறியது, புதன்கிழமை மதிப்பெண்ணே வந்துவிட்டது. ஆக ஒன்பது மாதத்தில் புத்தகம் கிரேடர்களின் கையில் இருந்தது இரண்டு நாள், மிச்சம் பெரும்பாலும் காத்துக் கிடந்த நாட்கள்.

பத்துக்கு 7.0. நீல லேபிள், அப்படியென்றால் மை தொட்டோ பசை வைத்தோ எங்கும் சரிசெய்யப்படவில்லை, பிரஸ்ஸிங் அந்தக் கணக்கில் வராது. புத்தகம் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கீழ் மூலையில், பிளாஸ்டிக் பெட்டிக்கு உள்பக்கம், முடி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துணுக்கு. திருப்பி அனுப்பினால் மாற்றித் தருவார்கள்தான், ஆனால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

அனுப்பப் போகிறவர்கள் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாம்ப் இருக்கும் பக்கத்தை முக்கியமாக. போன் செய்தால் எத்தனை நாளில் வரும் என்று கேட்காதீர்கள், இன்று பிரிக்கிற பெட்டி எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். அடுத்த புத்தகத்தை நான் கட்டித் தயாராக வைத்திருக்கிறேன். போன வாரம் கேட்டபோது ஏழு வாரம் பழைய பெட்டியைப் பிரிப்பதாகச் சொன்னார்கள். அது மூன்று வாரத்துக்கு இறங்கும் வரை என் அலமாரியிலேயே இருக்கட்டும்.